பெல்ட்டுக்குப் பதில் கிளிப்: மனிதப் பழக்கம் வாகனப் பாதுகாப்பு விதிகளை எழுதும் விதம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குச் சற்று முன்னால் காலை எட்டு மணிவாக்கில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் பைக்குகளில் ஹெல்மெட் சில சமயம் பக்கக் கண்ணாடியில் தொங்கும், சில சமயம் டேங்க் மேல் இருக்கும், சில சமயம் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் இருக்கும். எல்லை நெருங்கியதும் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஹெல்மெட் தலைக்கு ஏறிய பிறகுதான் பாறசாலைப் பக்கம் போவார்கள். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலையோரக் கேமராக்கள் படம் பிடித்து அபராதம் விதிக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது ஒரே தேசிய நெடுஞ்சாலை, தாரும் ஒரே கடினம்தான்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வந்துவிட்டது, ஏர்பேக் வந்துவிட்டது, அபராதமும் ஆயிரம் ரூபாய் ஆகிவிட்டது. ஆனாலும் சாவு ஏன் குறையவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய விபத்துச் செய்திக்குப் பிறகும் எழுகிறது. பின் சீட்டில் இருப்பவருக்கு எதற்கு பெல்ட், பின்னால் உட்காரும் அம்மாவுக்கு எதற்கு ஹெல்மெட், பாதுகாப்புக் கருவி கூடினால் ஆள் இன்னும் வேகமாகத்தானே ஓட்டுவான் என்றெல்லாம் கேட்கிறார்கள். கருவி மனிதரிடம் எதை எதிர்பார்க்கிறது, மனிதர் அதைச் செய்கிறாரா, செய்யாதபோது சட்டம் என்ன செய்தது என்று வரிசையாகப் பார்த்தால் இவற்றுக்குப் பதில் கிடைக்கும்.

கருவி மனிதரிடம் எவ்வளவு கேட்கிறது?

வாகனத்தில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை இந்தக் கேள்வியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. எதுவும் கேட்காதவை. மோதும்போது தானே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் காரின் முன்பகுதி, எஞ்சின் ஓடினால் தானே எரியும் பைக் முகப்பு விளக்கு, பின் சக்கரத்தை மூடும் சேலைக் காப்பு.

2. ஒவ்வொரு முறையும் ஒரு செயலைக் கேட்பவை. சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இந்த வகை. மாட்டினால் காக்கும், மாட்டாவிட்டால் சும்மா கிடக்கும்.

3. சரியான பயன்பாட்டைக் கேட்பவை. ஏபிஎஸ், வேக எச்சரிக்கை ஒலி போன்றவை. கருவி எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் ஓட்டுநர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் பலன் குறையும், சில நேரம் காணாமலே போகும்.

இரண்டாம் வகையில் ஆட்கள் ஏமாற்ற ஆரம்பித்தால், கருவியை முதல் வகைக்கு நகர்த்தப் பொறியாளர்கள் முயல்வார்கள். அதுவும் முடியாதபோது சட்டம் அபராதத்தோடு வரும். கடந்த அறுபது ஆண்டுகளின் வாகனப் பாதுகாப்பு வரலாறு பெரும்பாலும் இந்த இழுபறிதான்.

பழக்கத்தைப் பார்த்து எழுதிய விதிகள்

நம் ஊர்ப் பழக்கத்தை நேரில் பார்த்து எழுதியது போன்ற விதி ஒன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. விதி எண் 123. இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடியும் கால் வைக்கும் படியும் இருக்க வேண்டும், அவரது உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத அளவுக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது அது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருவதும், துப்பட்டாவின் நுனி தொங்குவதும் வண்டியின் வடிவத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 'ஒருபக்கமாக உட்காராதே' என்று யாரையும் மாற்றப் பார்க்காமல், உட்காருகிறவரை அப்படியே ஏற்றுக்கொண்டு சக்கரத்தை மூடியது இந்த விதி. அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்கள் கழற்றுவது தங்கள் பாதுகாப்பை அல்ல, பின்னால் ஏறப்போகும் அம்மாவின், தங்கையின் பாதுகாப்பை.

2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிகிறது. அணைக்க சுவிட்ச் கிடையாது. 'லைட் எரியுது' என்று எதிரே வருபவர்கள் கையை விரித்து மூடிக் காட்டியது கொஞ்ச காலம் நடந்தது. குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெயிலில் இருந்து சட்டென்று நிழலுக்குள் நுழையும்போது கண் பழக ஓரிரு விநாடி ஆகும். அந்த இடைவெளியில் எதிரே வரும் கறுப்பு பைக்கை விளக்குதான் காட்டிக் கொடுக்கும். விளக்கைப் போடு என்று சொல்லிப் பார்த்து, பயனில்லாததால் சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

சீட் பெல்ட்: விடாத இழுபறி

தோளிலும் இடுப்பிலும் மூன்று இடங்களில் பிடிக்கும் இன்றைய சீட் பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் ஸ்வீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டார்கள். காரில் பெல்ட் வந்தது, ஆனால் மக்கள் மாட்டவில்லை. பெல்ட் அணிவதைச் சட்டத்தால் முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-ல்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1974 மாடல் கார்களில் முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாத ஏற்பாடு வந்தது. காகிதத்தில் அருமையான யோசனை. நடைமுறையில், பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தாலே வண்டி கிளம்ப மறுத்தது. கோபப்பட்டவர்கள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டி வைத்தார்கள், சிலர் ஒயரைத் துண்டித்தார்கள். புகார்கள் குவிந்து, அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை ரத்து செய்தது. எச்சரிக்கை ஒலியைக்கூட எட்டு விநாடிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் போட்டது. ஒரு கருவி மனிதரை மிகையாக மடக்கினால், அவர் கருவியை மட்டும் அல்ல, அதைக் கொண்டுவந்த விதியையும் தூக்கி எறிவார் என்று அன்று தெரிந்தது.

இந்தியா நடுவழியைத் தேர்ந்தது. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக், முன் சீட் பெல்ட் நினைவூட்டும் ஒலி, வேக எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். எஞ்சின் ஓடும், ஆனால் பெல்ட் மாட்டும்வரை 'பீப்' ஒலி விடாது. மக்கள் கண்டுபிடித்த பதில்தான் கிளிப்: பெல்ட்டின் உலோக நாக்கு மாதிரியே இருக்கும் ஒரு சின்னத் துண்டு. கொக்கியில் செருகினால் பெல்ட் மாட்டியாயிற்று என்று கார் நம்பிவிடும். இதை இணையக் கடைகள் பகிரங்கமாக விற்றன. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது அவர் பின் சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்பது தெரிந்த பிறகே நாடு முழுக்க இது பேச்சானது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. 13,118 கிளிப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது புதிய சட்டம் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 138(3) முன்நோக்கி அமைந்த பின் இருக்கைகளையும் சேர்த்தே சொல்கிறது. கட்டாயத்துக்கான காரணம் எளிய கணக்கு:

1. 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு சுமார் 14 மீட்டர். கார் மோதி ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது.

2. அந்தக் கணத்தில் காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னால் போகும். மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க 140 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு கை இல்லை.

3. பின் சீட்டில் இருக்கும் 60 கிலோ ஆள் அதே கணக்கில் முன் சீட்டின் முதுகில் போய் விழுவார். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஓட்டுநர் ஸ்டியரிங்குக்கும் அவருக்கும் நடுவில் நசுங்குவார்.

கல்யாண வீட்டுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திங்கள்நகரிலிருந்து நாகர்கோவில் வரும் காரில், 'பக்கத்துல தானே' என்று பின்னால் யாரும் பெல்ட்டைத் தேடுவதில்லை. பெரும்பாலும் பெல்ட் சீட் உறைக்கு அடியில் புதைந்துதான் கிடக்கும். உறை தைக்கும் கடையில் கொக்கிக்கு வெட்டு விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ஏர்பேக்: யாரை மனதில் வைத்துச் செய்தது?

ஏர்பேக் மோதலை உணர்ந்து கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும், முப்பது நாற்பது மில்லி விநாடிக்குள். அந்த வேகத்தில் விரியும் பை மெத்தை போல மென்மையாக இருக்காது. ஒரு பலத்த அறை போலத்தான் இருக்கும். பெல்ட் உடலைப் பிடித்து வைத்து, தலை சற்றுத் தாமதமாக முன்னே வந்து, முழுதாக விரிந்து தளரத் தொடங்கும் பையில் சாய வேண்டும் என்பதே வடிவமைப்பு. பெல்ட் இல்லாதவர் பை இன்னும் விரிந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் போய் விழுவார்.

இதில் விதியே செய்த ஒரு தவறு உண்டு. அமெரிக்கர்கள் எப்படியும் பெல்ட் மாட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, பெல்ட் இல்லாத சராசரி ஆணைக் காப்பாற்றும் அளவுக்குப் பலமான ஏர்பேக்கை அந்நாட்டு விதிகள் கேட்டன. சோதனைப் பொம்மையும் சுமார் 175 செ.மீ. உயரமுள்ள ஆணின் உடல்தான். அவ்வளவு பலமான பைக்கு முன்னால் குட்டைப் பெண்களும் முன் சீட்டுக் குழந்தைகளும் உட்கார்ந்தார்கள். உயிர் போகத் தேவையில்லாத மெதுவான மோதல்களில் ஏர்பேக்கே ஆளைக் கொன்றது. 1990 முதல் 2008 வரை இப்படி 290-க்கும் மேற்பட்ட இறப்புகளை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை 1998-க்கு முந்தைய கார்களில் நடந்தவை. பையின் பலத்தைக் குறைக்க 1997-ல்தான் விதியைத் திருத்தினார்கள்.

இதிலிருந்து நம் காருக்கு வரும் நடைமுறை:

1. ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் மார்பெலும்புக்கும் இடையே 25 செ.மீ. இருக்கட்டும். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண், அதற்கும் கொஞ்சம் கூட. கிளட்ச் எட்டவில்லை என்று ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்காருபவர்கள் சீட்டின் முதுகைச் சற்றுச் சாய்த்துக் கொள்ளலாம்.

2. பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

3. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் கார்டு மாட்டாதீர்கள். மோதலில் நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமல் போகும், சென்சாருக்குச் செல்லும் அதிர்ச்சியின் அளவும் மாறும். எதிரே நடந்து போகிறவருக்கோ அது நேரடி இரும்பு அடி. இந்தக் கம்பிகள் சட்டவிரோதம் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைகளில் இன்னும் மாட்டித் தருகிறார்கள்.

பிரேக்: முன் பிரேக்கைப் பற்றிய பயம்

கார் பற்றி எவ்வளவு பேசினாலும், குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நிற்பது ஸ்கூட்டரும் பைக்கும்தான். எனவே பிரேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

'முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டிரும்' என்று சொல்லித்தான் நம் ஊரில் பைக் பழக்குகிறார்கள். அதனால் அவசரத்தில் கால் மட்டும் பின் பிரேக்கை மிதிக்கும், வலது கை சும்மா இருக்கும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. அழுத்திப் பிடிக்கும்போது சுமார் எழுபது சதவீதப் பாரம் முன்னால் வந்துவிடும். பாரம் குறைந்த பின் சக்கரம் தரையைக் கவ்வாமல் பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழையின் முதல் அரை மணி நேரம் எண்ணெய்ப் படலமும் புழுதியும் சேர்ந்து வழுக்கும். மாசி வாக்கில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும் சாலையிலும் இதே கதைதான்.

நிற்கும் தூரத்தை எண்ணில் பார்க்கலாம். சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்துக் கொண்டால்:

1. காய்ந்த சாலை, இரு பிரேக்கும் சரியாகப் பிடித்தால்: 40 கி.மீ. வேகத்தில் சுமார் 20 மீட்டர், 60-ல் 37 மீட்டர்.

2. நனைந்த சாலை, அதே பிடிப்பு: 40-ல் சுமார் 27 மீட்டர், 60-ல் 52 மீட்டர்.

3. காய்ந்த சாலையிலேயே பின் பிரேக் மட்டும் என்றால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 60-ல் மொத்தம் 58 மீட்டர் வரை போகலாம். வெயிலிலும் மழையில் ஓட்டுவதை விட மோசம்.

இந்தப் பழக்கத்தைத் திருத்த ஓட்டுநர் பயிற்சியை மட்டும் நம்ப முடியாது என்று விதி முடிவெடுத்தது. 2018 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் எல்லா வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், 125 வரை ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் கட்டாயமானது. சிபிஎஸ் என்பது இணைப்பு பிரேக். ஸ்கூட்டரில் இடது லீவரையோ, பைக்கில் கால் பிரேக்கையோ அழுத்தினால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஆள் செய்யப் பயந்த வேலையை ஒரு கேபிள் செய்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கிவிட்டு இணைப்புக் கேபிளைத் தளர்த்தி விட்டாலோ, அந்தக் கேபிளில் துரு ஏறினாலோ சிபிஎஸ் பெயரளவுக்குத்தான் இருக்கும். கடற்கரை ஊர்களில், குளச்சல் முதல் மணக்குடி வரை, உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்பக்கத்தை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். இடது லீவரை மட்டும் பிடியுங்கள். முன் சக்கரம் பிடிபட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் வண்டியை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஏபிஎஸ் வேறு வேலை செய்கிறது. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை ஒரு சென்சார் கவனிக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது லீவர் கையில் துடிக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிடியை விடுகிறவர்கள் உண்டு. விடக்கூடாது, அழுத்தியே பிடிக்க வேண்டும். பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பழையபடி சறுக்கும். ஜல்லியும் மணலும் கிடக்கும் இடத்தில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் குறைக்காது, சில நேரம் கூட்டும். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்த சிறிது தூரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சாரில் சேறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கருவி வந்தால் ஆள் வேகம் கூட்டுவானே என்ற கேள்வி ஆராய்ச்சியாளர்களுக்கும் எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-ல் இதை வாதமாகவே வைத்தார்: பாதுகாப்புக் கருவியின் லாபத்தை ஓட்டுநர் துணிச்சலாகச் செலவழித்து விடுகிறார் என்று. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏபிஎஸ் உள்ள டாக்சிகளையும் இல்லாத டாக்சிகளையும் ஒப்பிட்டார்கள். விபத்து குறையவில்லை. ஏபிஎஸ் ஓட்டுநர்கள் வளைவை வேகமாகத் திருப்பினார்கள், முன்னால் போகும் வண்டியை நெருக்கி ஓட்டினார்கள். ஆனால் இதை வைத்து எல்லாக் கருவியும் வீண் என்று சொல்வது பிழை. ஏபிஎஸ்ஸை ஓட்டுநர் தன் காலில் உணர்கிறார், அதனால் அதை நம்பித் துணிகிறார். மோதும்வரை வேலை காட்டாத பெல்ட்டையும் நசுங்கும் முன்பகுதியையும் நம்பி யாரும் அப்படித் துணிவதில்லை. கார் அளவுக்கு நிலை இல்லாத பைக்கில் ஏபிஎஸ்ஸால் உயிரிழப்பு குறைந்ததாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 'என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கு' என்ற நினைப்பில் மழை நாளில் வேகம் கூட்டினால் மட்டும் மியூனிக் கதை இங்கேயும் நடக்கும்.

ஹெல்மெட்: வாரும் தெர்மோகோலும்

ஹெல்மெட்டின் உயிர் வெளி ஓட்டில் இல்லை. உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மோகோல் அடுக்கில் இருக்கிறது. தலை மோதும்போது அது நசுங்கி, மூளை நிற்க இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் தருகிறது. அந்தத் தூரம் இல்லாவிட்டால் மண்டை ஓடு சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். நசுங்கிய தெர்மோகோல் மீண்டும் எழாது. ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் கூட இல்லாமல் இருந்தாலும், முடிந்த கதை.

நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள தலை தரையில் விழுந்தாலே மணிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் அடிபடும். பின்னால் இருப்பவரும் அதே உயரத்தில்தான் இருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 129 இருவரையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அளவான ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் வார்ப்பட்டை, 40 கி.மீ.க்கு மிகாத வேகம்.

தாடை வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று உருண்டு ஓடும். கேமராவுக்கு அது ஹெல்மெட் போலத் தெரியும், தலைக்கு அது வெறும் தொப்பி. வாங்கும்போதும் போடும்போதும்:

1. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். சாலையோரத்தில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே மென்மையான பஞ்சு மட்டும் இருந்தால் வேண்டாம்.

2. வாரை மாட்டிய பின் தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது.

3. பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளுங்கள். நெற்றிக்கு மேல் கழன்று வந்தால் அளவு பெரிது.

4. வெயிலில், பெட்ரோல் டேங்கின் சூட்டில் தினமும் வைக்காதீர்கள்.

அபராதத் தொகையா, பிடிபடும் வாய்ப்பா?

ஹெல்மெட் கட்டாயம் என்று 1988-ன் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2007-ல் மறுபடி கட்டாயம் என்றார்கள். 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கே வழி வகுத்தது. 2019 திருத்தம் ஹெல்மெட் இல்லாமைக்கு 1000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாத உரிமத் தடையையும் வைத்தது. தமிழ்நாட்டில் அந்தத் தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு உத்தரவின்போதும் கடைகளில் ஹெல்மெட் தீரும். சில வாரங்களில் வடசேரியிலும் தக்கலையிலும் பழைய காட்சி திரும்பும்.

களியக்காவிளை காட்சி இதற்கு விளக்கம் சொல்கிறது. மனிதர் தொகையைப் பார்த்து நடப்பதை விட, இன்று இந்த இடத்தில் பிடிபடுவோமா என்பதைப் பார்த்தே நடக்கிறார். பத்தாயிரம் ரூபாய் அபராதம் ஆண்டுக்கு ஒரு முறை விழுவதை விட, ஐந்நூறு ரூபாய் தவறாமல் விழுவது பழக்கத்தை மாற்றும். பெரிய தண்டனை, அரிதாகப் பாயும்போது, பேரம் பேச மட்டுமே உதவும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஓட்டினால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் என்று பிரிவு 199ஏ சொல்கிறது. பள்ளி விடும் நேரத்தில் சீருடையில் ஸ்கூட்டர் ஓட்டும் பிள்ளைகளின் வீட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இதே நோய்தான். விதி 118 சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக 80, டிப்பர், டேங்கர், பள்ளிப் பேருந்துகளுக்கு 60 கி.மீ. என்று பூட்டச் சொல்கிறது. எல்லை தாண்டி ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் டிப்பர் லாரிகள் 60-ல் வருபவை. ஆனால் ஃபியூஸைப் பிடுங்கினால் பூட்டு திறந்துவிடும். எஃப்சி எனும் தகுதிச் சான்று எடுக்கும் நாளில் மட்டும் கருவி வேலை செய்தால், சோதனை அந்த ஒரு நாளைத்தான் சோதிக்கிறது. நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தரப்படும்வரை ஓட்டுநருக்கு வேகமே வருமானம். அதைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றிப் பலன் இல்லை.

80-ல் ஒலிக்கும் மணி, 40-ல் ஓட வேண்டிய சாலை

கார்களின் வேக எச்சரிக்கை 80 கி.மீ. தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120 தாண்டினால் தொடர்ந்து ஒலிக்கும். காவல்கிணறு பக்க நாற்கரச் சாலைக்கு இது பொருந்தும். தக்கலையிலிருந்து குழித்துறை வரை வீட்டு வாசல்படியும் கடைப் பலகையும் சாலையைத் தொட்டு நிற்கும் இடத்தில் 60-ஏ கொலைகார வேகம். அங்கே அந்த மணி வாயே திறக்காது. அது ஒலிக்காததை 'நான் மெதுவாகத்தான் போகிறேன்' என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

இத்தகைய சாலையில் மனிதரிடம் எதுவும் கேட்காத கருவி சாலைதான். வேகத்தடைக்கு, சாலைத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. 25 கி.மீ. வேகத்தில் அதிராமல் கடக்கலாம். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும், தடையின் மேல் வெள்ளைப் பட்டையும் வேண்டும். விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் கோபத்தில் போடச் செய்யும் தடை பெரும்பாலும் ஒரு முழ அகலத்தில் சுவர் போல எழுந்து நிற்கும். பைக்கில் வருபவர் அதைத் தவிர்க்க, ஓரத்தில் மழைநீர் போக விட்ட ஒரு அடி இடைவெளியை நோக்கி வண்டியை ஒடிப்பார். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் வருவதும் அந்த ஓரத்தில்தான். தடையைச் சாலையின் இரு விளிம்பு வரை இழுத்து, தண்ணீர் போக அடியில் குழாய் பதித்தால் அந்த இடைவெளி அடைபடும். உங்கள் ஊராட்சியில் அடுத்த முறை வேகத்தடை கேட்டு மனு எழுதும்போது இந்த அளவுகளையும் குழாயையும் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.